‘பால் போதவில்லை’ என்னும் தீர்ப்பு



இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருளைக் கண்டதும் சிலர் புன்னகை செய்யக்கூடும். பச்சிளங் குழந்தைக்குப் பாலூட்டுவதைப் பற்றிக் குருவானவர் எழுதுவதா, இது பெண்கள் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டிய செய்தியல்லவா என்று கேட்பவரும் இருப்பர். அவர்கள் கேட்பது நியாயமே. பால் சுரக்கும் விதத்தை மருத்துவரும் செவிலியரும் சொல்லக் கேட்டு அறிந்தோமேயன்றி, நமக்குத் தனி அனுபவம் ஏது? ஆனால் பங்குக் குருவுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. பிள்ளை பிறந்த வீட்டுக்குள் அவர் அழைக்கப்படுகிறார். அங்கே யார் பேசுகிறார்கள், யார் பேசாமல் தலைகுனிந்திருக்கிறார்கள் என்பதைக் காண்கிறார். 25 ஆண்டுகளுக்கு மேலாக இவ்வாறு கண்டதிலிருந்து நம் உள்ளத்தில் ஓர் எண்ணம் உறுதிப்பட்டிருக்கிறது. பல வீடுகளில் பால் குறைவது தாயின் மார்பில் தொடங்குவதில்லை. அவளைச் சுற்றி நிற்போரின் நாவில் தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில் அத்தகைய வீடொன்றுக்குச் சென்றிருந்தோம். தலைப்பிரசவத்திற்காகத் தாய்வீடு வந்திருந்த பெண். குழந்தை பிறந்து 9 நாட்கள் ஆகியிருந்தன. அலமாரியில் மாவுப்பால் டின்னும், பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த புட்டியும் இருந்தன. “பால் இல்லை, சாமி. மூன்றாம் நாளே தெரிந்துபோயிற்று. பிள்ளை ஓயாமல் அழுகிறான்” என்றார் பெண்ணின் தாயார். மாப்பிள்ளையின் தாயார் நாள்தோறும் தொலைபேசியில் அழைத்து, “பால் பற்றுகிறதா?” என்று கேட்டு வந்தாராம். கணவர் வெளியூரில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். அந்தப் பெண்ணோ ஒரு சொல்லும் சொல்லவில்லை. தேர்வில் தோற்ற பிள்ளையைப் போல் அமர்ந்திருந்தாள்.

நம்முடன் வந்திருந்தவர், பிரசவ விடுதியில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலித்தாயார்; ஊரார் ‘நர்ஸ் அம்மா’ என்பார்கள். அவர் இரண்டே கேள்விகள் கேட்டார். “பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை முறை துணி நனைக்கிறான்? பிறந்தபோது எடை என்ன, இன்று என்ன?” இரண்டுக்கும் அவ்வீட்டில் விடை இல்லை. அழுகையை மட்டுமே அவர்கள் எண்ணியிருந்தார்கள். அதைக் கொண்டே தீர்ப்பும் எழுதியிருந்தார்கள்.

நர்ஸ் அம்மா அறைக்குள் அரைமணி நேரம் இருந்தார். வெளியே வந்து அவர் சொன்னது இது: பால் இருக்கிறது, பிள்ளை பிடிக்கும் முறைதான் சரியில்லை. காம்பின் நுனியை மட்டும் கவ்வுவதால் காம்பு வெடித்துப் புண்ணாகியிருக்கிறது. வலிக்கு அஞ்சித் தாய் பாலூட்டும் நேரத்தைத் தள்ளிப்போடுகிறாள். அந்த இடைவெளியை டின் நிரப்புகிறது. டின் நிரப்ப நிரப்ப, மார்பு தன் வேலையை மறக்கிறது.

இறைத்த கிணறே ஊறும்

இது எவ்வாறு நிகழ்கிறது என்பதைக் கணவரும் பாட்டியரும் அறிந்துகொள்ளுதல் நலம். மார்பகம் பால் நிரப்பி வைத்த குடமன்று, ஊற்று. இறைத்த கிணறே ஊறும் என்பது இங்கே முற்றிலும் பொருந்தும். குழந்தை சப்பும்போது தாயின் மூளையிலிருந்து இரண்டு சுரப்பு நீர்கள் இரத்தத்தில் கலக்கின்றன. புரோலாக்டின் என்பது பாலை உண்டாக்குகிறது. ஆக்ஸிடோசின் என்பது உண்டான பாலை வெளியே செலுத்துகிறது. முன்னது இரவில் மிகுதியாகச் சுரக்கும். ஆகவே தொடக்க மாதங்களில் இரவில் பாலூட்டுவதை நிறுத்தலாகாது. பின்னது தாயின் மனநிலையோடு பிணைந்தது. குழந்தையின் குரலைக் கேட்டாலே அது பெருகும். அச்சமும் வலியும் வெட்கமும் அதைத் தடுத்து நிறுத்தும். ‘உனக்குப் பால் இல்லை’ என்ற சொல் வெறும் சொல்லன்று. பால் இறங்குவதையே தடுக்கவல்ல சொல் என்பதை இப்போது உணர்கிறீர்கள் அல்லவா?

முதல் மூன்று நாட்களைப் பற்றியும் ஒரு செய்தி. பிள்ளை பிறந்தவுடன் பால் பெருக்கெடுப்பதில்லை. முதலில் வருவது மஞ்சள் நிறமான, கெட்டியான சீம்பால். அளவில் மிகக் குறைவு. பிறந்த நாளில் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஏற்பதும் ஏறத்தாழ ஒரு தேக்கரண்டியளவே. நோயை எதிர்க்கும் ஆற்றல் செறிந்த இச்சீம்பாலைக் ‘கெட்ட பால்’ என்று பீய்ச்சி எறிந்துவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டும் வழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. பிறந்த குழந்தையின் நாவில் இனிப்புத் தொட்டுச் சேனை வைப்பதும், கழுதைப்பால் புகட்டுவதும், உரைமருந்து இழைத்துக் கொடுப்பதும் அன்பினால் செய்யப்படுவனவே. ஆனால் அவற்றின் வழியே கிருமி உட்புகலாம். குழந்தை மார்பைத் தேடும் ஆவலும் குறையும். பிறந்த 1 மணி நேரத்திற்குள் மார்பில் சேர்ப்பதும், 6 மாதம் நிறையும்வரை தாய்ப்பால் மட்டுமே கொடுப்பதும், அதன்பின் மற்ற உணவோடு 2 வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடர்வதும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அறுவைச் சிகிச்சையால் பிள்ளை பெற்ற தாயும், தாங்கிப் பிடிக்க ஒரு துணை இருந்தால், நினைவு தெளிந்த நிலையில் உடனே தொடங்கலாம். எனினும் 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் முதல் மணி நேரத்தில் பால் பெற்ற குழந்தைகள் 100க்கு ஏறத்தாழ 42 பேர்தாம்.

கோடையில் குழந்தைக்குத் தாகம் எடுக்காதா என்று கேட்பார்கள். தாய்ப்பாலில் பெரும்பகுதி, அதாவது 100க்கு 87 பங்குக்கு மேல், நீரே. ஆகவே முதல் 6 மாதத்தில் தனியே தண்ணீர் தேவையில்லை. மருத்துவர் எழுதித் தரும் வைட்டமின் டி சொட்டு மருந்து போன்றவை இதற்கு விலக்கு.

போதுமா என்று எவ்வாறு அறிவது?

அழுகை அளவுகோலன்று. குழந்தை பசிக்கு அழும், உறக்கத்திற்கும் அழும், புழுக்கத்திற்கும், தாயின் அணைப்புக்கும் அழும். மாலை வேளையில் காரணமின்றியும் அழும். மூன்றாம் வாரம், ஆறாம் வாரம் போன்ற சமயங்களில் திடீரென மணிக்கொரு முறை பால் கேட்கும். அது பால் வற்றியதன் அடையாளமன்று. வளரும் குழந்தை, நாளைய தேவைக்கு இன்றே ஊற்றைத் தோண்டுகிறது.

நம்பத்தக்க அளவுகோல்கள் இவை. ஐந்தாம் நாளுக்குப் பின் குழந்தை ஒரு நாளில் 6 முறையோ அதற்கு மேலோ சிறுநீர் கழிக்க வேண்டும். மலம் கருமை நீங்கி மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். பிறந்த சில நாட்களில் எடை சற்றுக் குறைவது இயல்பு. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பிறந்த எடையை மீண்டும் எட்டவேண்டும். அதன்பின் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறவேண்டும். தொடக்க வாரங்களில் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பாலூட்டுவது வழக்கம். கடிகாரத்தைப் பார்க்க வேண்டா, குழந்தையைப் பாருங்கள். வாயைத் திறந்து தலையைத் திருப்புவதும், கையைச் சப்புவதும் பசியின் முதல் அறிகுறிகள். அழுகை கடைசி அறிகுறி.

இவ்வளவும் சரியாயிருப்பின், ‘பால் போதவில்லை’ என்று எவர் சொன்னாலும் நம்பாதீர். மாறாக, எடை ஏறாமல், சிறுநீர் குறைந்து, குழந்தை சோர்ந்து பால் குடிக்கவும் எழாமல் கிடந்தால், அல்லது உடல் மஞ்சள் பூத்தால், ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். இளவெயிலில் காட்டினால் மஞ்சள் போய்விடும் என்று வீட்டிலேயே காத்திருக்க வேண்டா.

வலியும் கட்டும்

பாலூட்டுதல் வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள் என்று சொல்வார்கள். முதல் சில நாட்களில் இலேசான கூச்சம் இருக்கலாம். ஆனால் பல்லைக் கடித்துக்கொள்ளச் செய்யும் வலி, பிடிப்பு சரியில்லை என்பதற்கு அடையாளம். குழந்தையின் உடல் முழுவதும் தாயை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். வாயை அகலத் திறந்த பின்னரே மார்போடு சேர்க்க வேண்டும். காம்பு மட்டுமன்றி அதைச் சுற்றிய கருவளையத்தின் பெரும்பகுதியும், குறிப்பாகக் கீழ்ப்பகுதி, வாய்க்குள் செல்லவேண்டும். மோவாய் மார்பைத் தொட்டும் கீழுதடு வெளிப்புறம் மடிந்தும் இருப்பின் பிடிப்பு நன்று. தவறாகப் பிடித்தால், சுண்டு விரலை வாயோரம் நுழைத்து விடுவித்து, மீண்டும் முயலுங்கள். இதன் பின்னும் வலி நீங்காவிடில், குழந்தையின் நாக்கின் அடி கட்டியிருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கட்டும்.

மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாள் வரை பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாய் இறுகுவது பலருக்கும் நேர்வது. அடிக்கடி ஊட்டுவதே மருந்து. ஊட்டுவதற்குச் சற்றுமுன் வெதுவெதுப்பான துணியும், ஊட்டியபின் குளிர்ந்த துணியும் இதம் தரும். அழுத்திப் பிசைதல் ஆகாது. மார்பில் ஓரிடம் சிவந்து வலித்துக் காய்ச்சலும் கண்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்போதும் பாலூட்டுவதை நிறுத்தத் தேவையில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. பால் கட்டியவளுக்கு மல்லிகைப் பூவை வைத்துக் கட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது பிள்ளையை இழந்த தாய்க்கு, பாலை வற்றச் செய்வதற்காக நம் முன்னோர் கைக்கொண்ட வழி. 1988ஆம் ஆண்டில் வேலூர் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் மல்லிகைக்கு அந்த ஆற்றல் உண்டென்று கண்டது. ஆகவே பால் கொடுக்கும் தாய்க்கு அது வேண்டா.

உணவைப் பொறுத்தவரை, முருங்கைக்கீரை, பூண்டு, பால்சுறாப் புட்டு எல்லாம் நல்லனவே. அன்போடு சமைத்துக் கொடுங்கள். ஆனால் பத்தியம் என்ற பெயரில் காயும் கனியும் விலக்கி, தாகத்திற்குத் தண்ணீரும் மறுப்பது கொடுமை. பாலூட்டும் தாய் வழக்கத்தினும் கூடுதலாக உண்ணவும், தாகம் தீரப் பருகவும் வேண்டும்.

தந்தையரே, உங்களுக்கு

‘இதில் எனக்கென்ன வேலை?’ என்று ஒதுங்காதீர். இரவில் குழந்தையைத் தூக்கித் தாயிடம் தருவது, ஏப்பம் விடச் செய்வது, துணி மாற்றுவது, அவள் பாலூட்டும்போது ஒரு குவளை நீர் கொண்டு வருவது யாவும் உங்களால் ஆகும். வெளியூரில் இருப்பவரோ தொலைபேசியில் ஆறுதல் சொல்லலாம். எல்லாவற்றினும் மேலாக, இரு வீட்டாரின் விமரிசனத்திற்கும் அவளுக்கும் நடுவே நீங்கள் நிற்கலாம். மகனும் மருமகனும் சொன்னால் கேட்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். பேறுகாலத்திற்குப் பின் தாயின் முகவாட்டம் இரண்டு வாரத்திற்கு மேலும் நீடித்தால், அதைப் பிடிவாதம் என்று எண்ணாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் பொறுப்பும் உங்களுடையதே.

வேலைக்குச் செல்லும் தாய்மாருக்கு: 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், முதல் இரு குழந்தைகளுக்குப் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது, 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகமும் வேண்டும் என்றது. ஆனால் வயலிலும் மீன்பிடி துறையிலும் துணிக்கடையிலும் உழைக்கும் எத்தனையோ தாய்மாருக்கு இது எட்டாக் கனி. அவர்கள் பாலைச் சுத்தமான கையால் பீய்ச்சி, கொதிநீரில் இட்டெடுத்த பாத்திரத்தில் மூடி வைக்கலாம். சாதாரண வெப்பத்தில் 4 மணி நேரமும், குளிர்பெட்டியில் ஒரு நாளும் கெடாது. வீட்டிலுள்ளோர் அதைப் பாலாடையால் புகட்டலாம். நம் பாட்டியர் புழங்கிய அந்தப் பாலாடையை இன்று பச்சிளங்குழந்தைச் சிகிச்சைப் பிரிவுகளிலும் பயன்படுத்துகிறார்கள். புட்டியைவிடத் துலக்குவது எளிது.

இவ்வளவு சொன்னபின் இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் அநீதியாகும். உண்மையாகவே பால் போதாத தாய்மாரும் உண்டு. தைராய்டு குறைபாடு, பிரசவத்தில் மிகுந்த இரத்தப்போக்கு, மார்பில் முன்பு நடந்த அறுவை என்று காரணங்கள் உள்ளன. மருத்துவர் ஆராய்ந்து மாவுப்பால் கொடுக்கச் சொன்னால், டின்னில் குறித்த அளவு தவறாமல், கொதித்த நீரில், சுத்தமாகக் கலந்து கொடுங்கள். டின் சீக்கிரம் தீராதிருக்க நீரைக் கூட்டுவது குழந்தையைப் பட்டினி போடுவதாகும். அந்தத் தாயைக் குற்றவாளியாக எவரும் பார்க்கலாகாது. பிள்ளையை மார்போடு அணைத்து ஊட்டுபவள், எதை ஊட்டினாலும் தாயே.

நமது குற்றம் ஒன்று

பிறரைக் குறை கூறும் நாம் நமது குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உதவிக் குருவாய் இருந்த இளமைக் காலத்தில், ஒரு ஞாயிறு பிரசங்கத்தின் நடுவே ஒரு குழந்தை விடாமல் அழுதது. நாம் பேச்சை நிறுத்தி, அத்திசையை நோக்கிச் சற்று நேரம் மௌனமாய் நின்றோம். ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள். பல ஆண்டுகள் கழித்து அப்பெண்ணே நம்மிடம் கோபமின்றிச் சொன்னார்: “அதற்குப் பிறகு பூசைக்கு வரும்போது புட்டியில் பால் கொண்டு வந்தேன், சாமி. பிறகு வீட்டிலும் அதுவே பழகிவிட்டது.” அப்போது அக்குழந்தைக்கு மூன்றாம் மாதம். ‘பால் போதவில்லை’ என்று நாம் வாயால் சொல்லவில்லை. எனினும் அந்தப் பாலை நிறுத்தியது நமது பார்வைதான்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2014 ஜனவரியில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் அளித்தபோது, பசித்த குழந்தைகளுக்கு அங்கேயே பாலூட்டத் தயங்க வேண்டா என்று தாய்மாருக்குச் சொன்னார். மைக்கேலாஞ்சலோவின் ஓவியங்களுக்குக் கீழே தகுமாயின், நமது பங்கு ஆலயத்தில் தகாதா? இப்போது நமது ஆலயத்தின் பக்கவாட்டில், மின்விசிறியின் கீழ், தாய்மாருக்கென ஒரு நீண்ட இருக்கை இட்டிருக்கிறோம். விரும்புவோர் அங்கே அமரலாம். விரும்பாதோர் தம் இடத்திலேயே சேலைத் தலைப்பின் மறைவில் ஊட்டலாம். நமது மாநிலத்தில் 2015ஆம் ஆண்டிலேயே பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் வந்துவிட்டன. ஆலயம் பின்தங்கலாமா?

புதிய தாய்க்கு மருத்துவமனையோடு, அனுபவம் மிக்க வேறொரு தாயும் வேண்டும். 1956ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் சிக்காகோ அருகே ஏழு கத்தோலிக்கத் தாய்மார் இதை உணர்ந்தனர். மருத்துவமனைகளே புட்டிப்பாலைப் பரிந்துரைத்த காலம் அது. கிறிஸ்தவக் குடும்ப இயக்கத்தின் ஓர் உல்லாச ஒன்றுகூடலில் இருவர் தம் குழந்தைகளுக்குப் பாலூட்டுவதைக் கண்ட பிற பெண்கள், தங்களால் முடியவில்லையே என்று ஏங்கினராம். அதிலிருந்து பிறந்த ‘லா லேச்சே லீக்’ என்ற அமைப்பு, பாலூட்டும் அன்னை மரியின் திருத்தலம் ஒன்றின் பெயரைத் தாங்கி, இன்று பல நாடுகளில் பணியாற்றுகிறது. ஒரு வீட்டின் கூடத்தில் சில பெண்கள் அமர்ந்து பேசியதே அதன் தொடக்கம்.

நமது அன்பியங்களுக்கும் இது இயலும். பாலூட்டி வளர்த்த இரண்டு மூன்று தாய்மார், பிள்ளை பிறந்த முதல் இரு வாரங்களில் அவ்வீட்டிற்குச் சென்று வரலாம். நாம் முதலில் சொன்ன அந்தப் பெண்ணுக்கு நர்ஸ் அம்மா செய்தது அதுவே. நாள்தோறும் சென்றார், பிடிப்பைத் திருத்தினார், எடை பார்த்துப் பார்த்து, குழந்தை மருத்துவரின் சொற்படி மாவுப்பாலைச் சிறிது சிறிதாகக் குறைத்தார். ஆறாம் வாரத்தில் புட்டி நின்றது. டின் பாதியோடு அலமாரியில் இருந்தது.

ஒரே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். பிள்ளை பிறந்த வீட்டுக்கு அடுத்த முறை நீங்கள் செல்லும்போது, ‘பால் பற்றுகிறதா?’ என்று கேளாதீர். ‘நீ சாப்பிட்டாயா, அம்மா? சற்று நேரம் தூங்கினாயா? பிள்ளையை நான் வைத்திருக்கட்டுமா?’ என்று கேளுங்கள்.

அடுத்த திங்கள் மீண்டும் சந்திப்போம்.